எட்டாவது பாட்டுக்குப் பிறகு

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பகல் பதினொரு மணிக்கு சேக் முகைதீனின் வேன் அந்தப் பஞ்சு கோடவுன் வாசலில் வந்து நின்றது. இராஜபாளையத்திலிருந்து மலையடிவாரத்துக்குப் போகிற சாலையில், தென்னந்தோப்புகள் முடிந்து ஆள் நடமாட்டம் குறைகிற இடத்தில், ஓட்டுக் கூரை போட்ட நீளமான கட்டடம் அது. பத்து வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. மலையிலிருந்து இறங்கிய காற்று உடைந்த ஓடுகளுக்கிடையில் நுழைந்து, உள்ளே எங்கோ ஒரு தகரத்தை விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டிருந்தது.

நாடகம் எழுதும் பொன்னுராஜ் வாசலில் நின்றிருந்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்து மனு அடித்துக் கொடுப்பது அவன் தொழில். நாடகம் அவனுக்குப் பித்து.

"வாங்க பாய். கரண்ட் இருக்கு. பாம்பு கீம்பு ஒண்ணும் இல்ல, உள்ள போயி நல்லாப் பாத்துட்டேன்."

"சோலைராஜ் வரலையா?"

"அவிய இந்த எடமே வேண்டாம்னுதான் சொன்னாவ. தூசியாம். வேற எங்க போயி ஒத்திகை பாக்க? அவிய மாமனார்கிட்ட நானே சாவியக் கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன்."

சேக் முகைதீன் ஆம்ப்ளிஃபயரையும் கேசட் டெக்கையும் இறக்கினான். அவனுக்கு வயது முப்பத்தெட்டு. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் மைக் செட் போடுகிறவன். ஆனால் பத்து வருஷத்துக்கு முன்னால் அவன் டிரம்ஸ் வாசித்தவன். இதே கோடவுனில்தான் வாசித்தான்.

'சஞ்சீவி பீட்ஸ்' என்று ஒரு பாட்டுக் குழு இருந்தது. வத்திராயிருப்பிலிருந்து சங்கரன்கோவில் வரைக்கும் அந்தப் பேரைத் தெரியாதவர்கள் இல்லை. மற்ற குழுக்களெல்லாம் சினிமாப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் சொந்தமாக எட்டுப் பாட்டுப் போட்டு, எண்பத்தாறு தை மாதத்தில் ஒரு கேசட் வெளியிட்டார்கள். பஸ்ஸில், டீக்கடையில், பூப்புனித நீராட்டு விழாவில், எங்கே பார்த்தாலும் அந்த எட்டுப் பாட்டுத்தான். சோலைராஜ் கிடார் வாசித்தான். வெள்ளத்தாய் பாடினாள். சோழபுரத்துப் பெண். நூற்பாலையில் ஷிப்ட் வேலை. வேலை முடிந்து, தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்க நேராகக் கோடவுனுக்கு வந்துவிடுவாள்.

எண்பத்தாறு ஆனி மாதத்தில் வெள்ளத்தாய் ஊரை விட்டுப் போனாள். சினிமாவில் பாடுகிறேன் என்று சென்னைக்குப் போய்விட்டாள் என்றார்கள். அத்தோடு குழுவும் கலைந்தது.

இப்போது தொண்ணூற்றாறு. சோலைராஜ் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்துக்கு முதலாளி. வரப்போகிற நகராட்சித் தேர்தலில் நிற்க ஆசைப்பட்டான். ஊர் தன்னை மறுபடி நினைத்துப் பார்க்க ஒரு வழி வேண்டும். அதற்குத்தான் இந்த நாடகம். புதுப் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. ஜனங்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிற அந்த எட்டுப் பாட்டையும் எடுத்து, ஒன்றோடொன்றை இணைக்க ஒரு கதையைக் கட்டி, மேடையில் நடிக்க வேண்டும். பொன்னுராஜ் ஒரு சிரிப்புக் கதை எழுதியிருந்தான். ஒரு மில் பெண்ணும் ஒரு பஸ் கண்டக்டரும் சண்டை போட்டுச் சேருகிற கதை. முடிவில் கல்யாணம்.

கதாநாயகி அய்யம்மாள், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. கோயில் கொடை விழா நாடகங்களில் பத்து வருஷமாக நடிக்கிறவள். கேசட்டில் பாட்டு ஓட, அவள் வாயசைக்க வேண்டும்.

உள்ளே பருத்திக்கொட்டையின் பழைய எண்ணெய் வாடை அடித்தது. ஓட்டு ஓட்டை வழியாக வெயில் குச்சிகுச்சியாக இறங்கித் தரையில் நின்றது. அய்யம்மாள் தண்ணீர் குடித்துவிட்டுத் தயாராக நின்றாள்.

"முதல் பாட்டு போடுங்க பாய். பஸ் பாட்டு," என்றான் பொன்னுராஜ்.

சேக் முகைதீன் பட்டனை அழுத்தினான்.

பஸ் பாட்டு வரவில்லை. கேசட்டின் நாலாவது பாட்டு வந்தது.

*பஞ்சு மூடுன கூந்தலுக்கு*
*பூவ எதுக்கு வாங்கி வந்தே*

"தப்பா சுத்தி வச்சிருக்கேன் போல," என்று சொல்லி, தொடக்கம் வரைக்கும் பின்னால் ஓட்டி மறுபடி போட்டான். மறுபடியும் நாலாவது பாட்டு. பையிலிருந்து வேறொரு கேசட்டை எடுத்தான். அதிலும் அதே.

பொன்னுராஜ் சிரித்தான். "விடுங்க பாய். அந்தப் பாட்டே முதல்ல இருந்துட்டுப் போகட்டும். கதையக் கொஞ்சம் மாத்திக்கிட்டாப் போச்சு."

வீட்டுக்குப் போனதும் சேக் முகைதீன் மூல நாடாவை எடுத்து, எட்டுப் பாட்டையும் நாடகத்துக்கு வேண்டிய வரிசையில் புது கேசட்டில் பதிந்தான். முழுசாக ஓட்டிக் கேட்டான். சரியாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோடவுனில் போட்டான். நாலாவது பாட்டுத்தான் முதலில் வந்தது. அதன் பின் மற்றவையும் தங்கள் இஷ்டத்துக்கு வந்தன. இரண்டாவது முறை போட்டபோதும் அதே வரிசை. மூன்றாவது முறையும் அதேதான். மாறாத ஒரு வரிசை. எட்டாவது பாட்டு மட்டும் எப்போதும் எட்டாவதாகவே வந்தது.

அவன் மனைவி ரஹ்மத்துன்னிசா கேட்டாள், "டெக்கு ரிப்பேரா?"

"ரிப்பேர்தான்," என்றான் அவன். கடையில் அதே டெக் ஒழுங்காக ஓடியது என்பதை அவளிடம் சொல்லவில்லை.

மூன்று நாள் கழித்து பொன்னுராஜ் அவனைக் கோர்ட் பக்கத்து டீக்கடைக்கு வரச் சொன்னான். பெஞ்சில் உட்கார்ந்து காகிதக் கட்டை விரித்தான். அவன் முகத்தில் பழைய சிரிப்பு இல்லை.

"பாய், நீங்க அந்தப் பாட்டுல உள்ள வார்த்தையெல்லாம் எப்பவாவது உக்காந்து கேட்டிருக்கீகளா?"

சேக் முகைதீன் யோசித்தான். ஆயிரம் தடவை வாசித்த பாட்டுகள். டிரம்ஸ் வாசிக்கிறவன் தாளத்தைத்தான் கேட்பான். வார்த்தை எங்கோ மேலே போய்க்கொண்டிருக்கும். "இல்லை" என்றான்.

"கேசட் அட்டையில எழுதுனது சோலைராஜ்னு போட்டிருக்கு. ஆனா இது ஆம்பள எழுதுன பாட்டு இல்ல. யாரு எழுதுனா?"

"வெள்ளத்தாய்தான். எங்க எல்லாருக்கும் தெரியும். யாரும் வெளிய சொன்னதில்ல."

பொன்னுராஜ் தலையாட்டினான். "தனித்தனியாக் கேட்டா டான்ஸ் பாட்டு. இந்த வரிசையில வச்சுக் கேளுங்க. ஒருத்தன் பூ வாங்கிட்டு வாரான். அவ நம்புறா. கட்டிக்கிறேங்கான். அவ எழுதுறதையெல்லாம் தம் பேருல போட்டுக்கிடுதான். பொறவு மாமன் மவளப் பேசி முடிக்கிறாவ. அவ கேக்கா. அவன் ஒளியுறான். ஊருக்கே சொல்லிப்புடுவேங்கா. அப்ப அவன் வந்து, சண்டை வேண்டாம், ரெண்டு பேரும் எங்கயாவது போயிருவோம், பையக் கட்டிட்டு வந்து நில்லுங்கான். அதான் எட்டாவது பாட்டு."

அந்தப் பாட்டு சேக் முகைதீனின் காதில் தானாக ஓடியது. ஊரே கைதட்டி ஆடிய பாட்டு.

*பையக் கட்டி வச்சிருக்கேன்*
*பாதை மட்டும் நீ சொல்லு*

"நான் சிரிப்பு நாடகம்தான் எழுதப் பாக்கேன் பாய். எங்கன சுத்துனாலும் கதை இங்கனயே வந்து நிக்குது. ஆனா பையக் கட்டுன பொறவு என்ன ஆச்சுன்னு பாட்டுல இல்ல. அவ எங்க போனா?"

"மெட்ராசுக்கு," என்றான் சேக் முகைதீன். டீ ஆறிப்போயிருந்தது.

பஸ்ஸில் திரும்பி வருகிற வழியெல்லாம் அவனுக்கு எண்பத்தாறு ஆனி மாதத்து ஒரு காலைதான் கண்ணில் நின்றது. அன்றைக்கு விடிந்ததும் சோலைராஜ் வீட்டுக்கு வந்தான். சட்டையெல்லாம் செம்மண். "கிணத்த மூடுற வேலை நடக்குடா, மாமா சொன்னாரு" என்றான். பிறகு சொன்னான், "வெள்ளத்தாய் மெட்ராசுக்குப் போயிட்டா. அவ அம்மா என்னை நம்பாது. உன்னை நம்பும். நீதான் மதுரை பஸ்ல ஏத்திவிட்டேன்னு சொல்லிரு. ஒரே ஒரு வார்த்தை."

அவன் சொன்னான். நண்பனுக்காகச் சொன்ன பொய். அவள் ஆசைப்பட்ட இடத்துக்குத்தானே போயிருக்கிறாள், அம்மாவுக்கும் ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்துத்தான் சொன்னான். அவள் அம்மா பெத்தம்மாள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்: "வெறும் வயித்தோடயா போனா?"

அந்த முகத்தைப் பார்த்து அவன் பொய்யைக் கொஞ்சம் நீட்டினான். பால்கோவா வாங்கிக் கொடுத்தேன், ஜன்னலோரம் உட்கார்ந்து தின்றாள், பஸ் நகரும்போது கையைக் காட்டினாள் என்றான்.

பெத்தம்மாள் தலையாட்டிக்கொண்டு போனாள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை கோடவுனில் காற்று நின்றுவிட்டிருந்தது. தகரம் தட்டவில்லை. வெளியே நண்பகல் வெயில் கண்ணைக் கூச, உள்ளே மட்டும் ஈரமண் வாடை அடித்தது. வெகுநாள் இறைக்காத கிணற்றை எட்டிப் பார்த்தால் முகத்தில் வந்து அடிக்குமே, அந்த வாடை.

எட்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அய்யம்மாள் வாயசைத்துக்கொண்டே நின்றவள், பாதியில் நிறுத்திவிட்டு மெல்ல அவன் பக்கம் வந்தாள்.

"அண்ணாச்சி," என்றாள் குரலே எழும்பாமல். "ஸ்பீக்கர் எனக்கு முன்னாடில்ல இருக்கு?"

"ஆமா."

"பின்னாடி யாரு பாடுறா?"

அவளுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், கோடவுனின் பின்கட்டில், ஒரு காலத்தில் கிணறு இருந்தது.

சேக் முகைதீன் ஆம்ப்ளிஃபயரை அணைத்தான். சிவப்பு விளக்கு அவிந்தது.

இசை நின்றது.

குரல் நிற்கவில்லை.

*பாதை மட்டும் நீ சொல்லு*

ஒரு வரி. பிறகு இன்னொரு தரம் அதே வரி. கீழேயிருந்து வருவதுபோல, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு எதிரொலியோடு.

பிறகு அதுவும் நின்றது. அய்யம்மாள் அவன் கையைப் பிடித்திருந்தாள். அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன.

வாசலில் நிழல் விழுந்தது. சோலைராஜ். வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக நின்றவன், ஒத்திகை இங்கே நடக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்து, காரை எடுத்துக்கொண்டு வந்திருந்தான். அந்தக் குரலை அவனும் கேட்டிருந்தான். அவன் முகம் அதைச் சொன்னது.

"எல்லாரும் செத்த வெளிய இருங்க," என்றான். மற்றவர்கள் போனதும் சேக் முகைதீனிடம் வந்தான். "பாட்டெல்லாம் வேற வரிசையில வருதாமே. என்ன வேலை இது?"

"நான் ஒண்ணும் செய்யல சோலை."

"பழைய வரிசைதான் இருக்கணும். பழைய கதைதான் இருக்கணும். நோட்டீஸ் அடிச்சாச்சு. கட்சிக்காரவிய எல்லாம் வாராவ. புரியுதா?"

சேக் முகைதீன் அவன் கண்ணைப் பார்த்தான். பத்து வருஷமாகக் கேட்காததை அப்போது கேட்டான். "அன்னைக்கு அவள நீதான பஸ் ஏத்துன?"

சோலைராஜ் பின்பக்கச் சுவரை ஒரு தடவை பார்த்தான்.

"நீதான ஏத்துன," என்றான் பிறகு, மிக மெதுவாக. "ஊருக்கே அப்படித்தான தெரியும்."

அந்த வாரம் முழுக்க சேக் முகைதீனுக்குச் சோறு இறங்கவில்லை. ரஹ்மத்துன்னிசா கேட்டுக் கேட்டுப் பார்த்து விட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று சோழபுரத்துக்குப் போனான். பெத்தம்மாள் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ரொம்பவும் இளைத்துவிட்டிருந்தாள். அவனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வா தம்பி. எம்மவளக் கடைசியாப் பாத்த ஆளு நீதான். உன்னப் பாத்தா அவளப் பாத்த மாதிரி இருக்கு."

சொல்ல வந்ததை விட்டுவிட்டு அவன் வேறொன்றைச் சொன்னான்.

"வெள்ளத்தாய் பாட்டெல்லாம் வச்சு நாடகம் போடுறோம்மா. அடுத்த சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ல. சாயங்காலம். வாங்க."

"அவ வருவாளா?"

அவன் சைக்கிளை எடுத்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மைதானம் நிறைந்துவிட்டது. மேற்கே மலைக்குப் பின்னால் கடைசி வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. கோபுரத்து விளக்கு தூரத்தில் தெரிந்தது. முன்வரிசை நாற்காலிகளில் கட்சிக்காரர்கள். அவர்களுக்கு முன்னால் மண்தரையில், புதுச்சேலை கட்டி, கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள் பெத்தம்மாள். சேக் முகைதீன் மேடைக்கு எதிரே, கூட்டத்துக்கு நடுவில், மைக் மேஜையில் இருந்தான். அறிவிப்புக்கென்று ஒரு மைக் அவன் முன்னாலேயே நின்றது.

திரை ஏறியது. பஸ் பாட்டைப் போட்டான். பஸ் பாட்டே வந்தது.

அவனுக்கு மூச்சு வந்தது. இரண்டாவது பாட்டும் சரியாக வந்தது. மூன்றாவதும். ஜனங்கள் பாட்டுக்குக் கூடவே பாடினார்கள். கண்டக்டர் வேஷக்காரனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏழு பாட்டும் ஒரு குறையுமில்லாமல் போயின. கோடவுனில்தான் ஏதோ கோளாறு, அந்த இடத்தோடு முடிந்தது என்று அவன் தன்னைத்தானே தேற்றிக்கொண்டான்.

எட்டாவது பாட்டுக்கு சோலைராஜே கிடாரோடு மேடை ஏறினான். விசில் பறந்தது. அய்யம்மாள் மணப்பெண் அலங்காரத்தில் அவன் பக்கத்தில் வந்து நின்றாள். பாட்டு ஓடியது. முடிந்தது. கைதட்டல்.

கேசட் நிற்கவில்லை.

வெற்று நாடாவின் இரைச்சல், எட்டு ஸ்பீக்கரிலும்.

கைதட்டல் மெல்ல ஓய்ந்தது. இரைச்சலுக்கு அடியில் வேறொன்று கேட்டது. நீர் சொட்டுகிற சத்தம். ஆழமான இடத்தில், ஒவ்வொன்றாக.

ஈரமண் வாடை மைதானம் முழுக்கப் பரவியது. முன்வரிசைக்காரர் ஒருவர் துண்டால் மூக்கைப் பொத்தினார்.

அப்புறம் அவள் பாடினாள். இசையில்லாமல், தனியாக.

*ஏத்திவிட்டேன்னு சொன்னவனே*
*எந்த ஊருல நான் எறங்க*
*மண்ணப் போட்டு மூடுனவனே*
*எந்த வழியில நான் ஏற*

மேடையில் அய்யம்மாள் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

சேக் முகைதீன் நிறுத்துகிற பட்டனை அழுத்தினான். கேசட்டை வெளியே உருவினான். கேசட் அவன் கையில் இருந்தது. டெக் திறந்து, காலியாக இருந்தது.

*எந்த ஊருல நான் எறங்க*

மின்கம்பியைப் பிடுங்கினான். விளக்குகள் அவிந்தன. மலைப்பக்கத்து மங்கல் வெளிச்சம் மட்டும் முகங்களில் விழுந்தது.

*எந்த வழியில நான் ஏற*

அதோடு நின்றது.

ஆயிரம் பேர் இருந்த மைதானத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை. முன்னால் பெத்தம்மாள் தரையில் கையூன்றி எழுந்தாள். மேடையை அவள் பார்க்கவில்லை. திரும்பி, கூட்டத்துக்கு நடுவே, அவனை நோக்கி நடந்து வந்தாள். ஜனங்கள் தாமாக வழிவிட்டார்கள். மேஜைக்கு எதிரில் வந்து நின்றாள்.

"நீ ஏத்திவிட்டேன்னுதான தம்பி சொன்ன?"

அவன் கையிலிருந்த கேசட்டை மேஜையில் வைத்தான். "நான் ஏத்திவிடலம்மா."

"பொறவு?"

"நான் பஸ் ஸ்டாண்டுக்கே போகல. அன்னைக்கு அவள நான் கண்ணால பாக்கல. சோலைராஜ் சொல்லச் சொன்னான், சொன்னேன். அன்னைக்குக் காலையில அவன் கோடவுன் கிணத்த மூடிட்டு வந்து நின்னான். சட்டையெல்லாம் மண்ணு. நான் ஏன்னு கேக்கல. பத்து வருசமா நான் கேக்கவே இல்ல."

அவன் சொன்னது அவளுக்கு மட்டும் கேட்கவில்லை. கம்பி பிடுங்கிக் கிடந்தும், அவன் முன்னால் நின்ற மைக் அவன் சொல்லை ஒவ்வொன்றாக வாங்கி மைதானத்தின் கடைசி ஆள் வரைக்கும் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

மேடையில் கிடார் மட்டும் கிடந்தது. சோலைராஜ் இல்லை.

மறுநாள் காலையில் போலீஸ் கோடவுனுக்குப் போனபோது அவன் அங்கேதான் இருந்தான். பின்கட்டில், கிணறு இருந்த இடத்தில், இடுப்பளவு குழிக்குள் முழங்காலிட்டிருந்தான். மண்வெட்டி எதுவும் இல்லை. வெறும் கையால் தோண்டியிருந்தான். பத்து விரலிலும் நகம் இல்லை. போலீஸ்காரர்கள் தோளைப் பிடித்துத் தூக்கியபோதும் அவன் கை மண்ணைத் தேடிக்கொண்டே இருந்தது.

"கையக் குடுன்னு சொல்லுதா. ஏறணும்னு சொல்லுதா," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். "எட்டலியே. இன்னும் எட்டலியே."

அதற்குப் பிறகு அவன் வேறெதையும் பேசவில்லை. கோர்ட்டிலும் பேசவில்லை. அங்கிருந்து மனநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

இரண்டு நாள் இயந்திரம் வைத்துத் தோண்டினார்கள். இருபத்தைந்தாவது அடியில் எலும்புகள் கிடைத்தன. பக்கத்தில் ஒரு ரெக்சின் பை. இறுக்கிக் கட்டிய கட்டு அவிழாமல் அப்படியே இருந்தது.

சேக் முகைதீன் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தான். பொய் சொன்னதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள் என்று கேட்டான். ஸ்டேஷன் ரைட்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போங்க பாய், கூப்பிடும்போது வந்து சாட்சி சொல்லுங்க என்றார்.

எலும்புகளைச் சோழபுரத்தில் அடக்கம் செய்தார்கள். அவன் ஓரமாக நின்றான். யாரும் அவனைப் போகச் சொல்லவுமில்லை, வா என்று கூப்பிடவுமில்லை. எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபோது பெத்தம்மாளே அவனிடம் வந்தாள்.

"என்ன மன்னிச்சிருங்கம்மா," என்றான்.

"கொன்னவன் எவன்னு எனக்கு உள்ளுக்குள்ள எப்பவோ தெரியும் தம்பி. அத விடு. பால்கோவா தின்னான்னு ஏன் சொன்ன?"

அவன் தலை குனிந்தான்.

"நான் ஒவ்வொரு நாளும் சோத்துல கை வைக்கும்போது, எம்புள்ள வெறும் வயித்தோட போகலன்னு நெனச்சுக்கிட்டுத்தான் தின்னேன். பத்து வருசம். அந்த ஒரு வார்த்தையிலதான் உசிரு நின்னுச்சு. இனி நான் எத நெனச்சுத் திங்க?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. மயானத்து மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து முந்தியில் முடிந்துகொண்டு நடந்தாள். அடுத்த மழைக்காலம் அவளுக்கு இல்லை. சாப்பாட்டை நிறுத்திவிட்டாள் என்று சோழபுரத்துக்காரர்கள் சொன்னார்கள்.

சேக் முகைதீன் மூல நாடாவை எரித்தான். ஊரில் தேடித் தேடி, யார் யார் வீட்டில் அந்த கேசட் இருந்ததோ வாங்கி எரித்தான். பஸ்காரர்கள் தாங்களாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தப் பாட்டைக் கேட்க இப்போது யாருக்கும் துணிவில்லை. அய்யம்மாள் நாடகத்தை விட்டுவிட்டு ஒரு பால்கோவாக் கடையில் பெட்டி கட்டுகிற வேலைக்குப் போனாள். பொன்னுராஜ் டைப்ரைட்டரில் மனு மட்டும் அடித்தான். கடையில் பாட்டுப் பதிகிற வேலையையே சேக் முகைதீன் நிறுத்திவிட்டான். விளக்கும் மைக்கும் மட்டும் வாடகைக்குக் கொடுத்தான்.

தை மாதத்தில் ஒரு நாள். மத்தியானம் மூன்றரை மணி. மில் ஷிப்ட் விட்டு, பெண்கள் தூக்குச் சட்டியோடு கடை வழியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஏதோ பாடிக்கொண்டு வந்தார்கள். கையைத் தட்டி, சிரித்துக்கொண்டு, துள்ளலான பாட்டு.

வயரைச் சுற்றிக்கொண்டிருந்த சேக் முகைதீனின் கை நின்றது. விரல்கள் மேஜையில் தட்டின. எந்த இடத்தில் அடி விழ வேண்டும், எந்த இடத்தில் விட்டுப் பிடிக்க வேண்டும் என்று விரல்களுக்குத் தெரிந்திருந்தது.

அவன் ஒருநாளும் வாசிக்காத பாட்டு.

அவன் வாசலுக்கு வந்தான். "ஏம்மா, இது என்ன பாட்டு?"

முன்னால் வந்த பெண் நின்றாள். பதினெட்டு வயதிருக்கும். முடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. "தெரியல அண்ணாச்சி. எங்க டிபார்ட்மென்டுல ஒரு அக்கா புதுசா வந்திருக்காவ. அவியதான் சொல்லிக் குடுத்தாவ."

"எந்த அக்கா?"

"கடைசி மெஷின்ல நிப்பாவ. யாரோடயும் சேந்து சாப்பிட வர மாட்டாவ. அம்புட்டு மெஷின் சத்தத்துலயும் அவிய பாடுனா மட்டும் தனியாக் கேக்கும்."

"பேரு என்ன?"

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் தெரியவில்லை.

"நாளைக்குக் கேட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி," என்றாள் அந்தப் பெண். தூக்குச் சட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, தோழிகளோடு நடந்தவள் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"அவியகிட்ட இன்னும் எம்புட்டோ பாட்டு இருக்காம்."